பிஸ்கட் டப்பாவில் கிடந்த மின்னல்கள்

எங்கள் தெருமுனை மெக்கானிக் கடையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. மூடி துருப்பிடித்திருக்கும். உள்ளே பிஸ்கட் கிடையாது, வண்டிகளிலிருந்து கழற்றிப் போட்ட ஸ்பார்க் பிளக்குகள்தான். போன ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை சர்வீசுக்கு விடப் போனபோது அக்கா மகளும் கூட வந்தாள். ஆறாம் வகுப்பு. எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டாள். டப்பாவையும் கவிழ்த்துவிட்டாள்.

"எல்லாம் ஒரே சாமான்தானே மாமா? அப்புறம் ஏன் ஒண்ணு கரிக்கட்டையாட்டம் இருக்கு, ஒண்ணு வெள்ளையா இருக்கு, ஒண்ணு பிசுபிசுன்னு ஒட்டுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் அண்ணன் முந்திக்கொண்டார். "பாப்பா, பிளக்கைப் பார்த்தாலே அது எந்த எஞ்சின்ல குடியிருந்துச்சுன்னு சொல்லிடலாம். எங்க, ஒண்ணு எடு பார்ப்போம்!"

அவள் எடுத்தாள். அவர் சொன்னார். "இது பழைய டூ ஸ்ட்ரோக். இது கேஸ் ஆட்டோ. இது கார்." வண்டி நம்பரைப் பார்க்காமலே சொன்னார். மந்திரம் ஒன்றும் இல்லை. அன்று கடை வாசலில் உட்கார்ந்து நாங்கள் பேசியதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு நல்ல பிளக்கைக் கையில் எடுங்கள். விரல் நீளம்தான் இருக்கும். மேலே வெள்ளையாக, டீக்கடைக் கோப்பை மாதிரி ஒரு பகுதி. அது அலுமினியம் ஆக்சைடால் ஆன பீங்கான். மின்சாரத்தைத் தன் வழியே விடாது. நடுவில் ஸ்பேனர் மாட்ட அறுகோண நட்டு, அதற்குக் கீழே மறை. அடிமுனையில் நடுக்கம்பி ஒன்று லேசாக எட்டிப் பார்க்கும். பக்கத்திலிருந்து இன்னொரு கம்பி வளைந்து வந்து, நடுக்கம்பியைத் தொடாமல், அதற்கு எதிரே நிற்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்துக்குக் கடைகளில் 'கேப்' என்று பெயர். பைக் பிளக்குகளில் இது 0.6 முதல் 0.8 மி.மீ. வரை. வீட்டில் இருக்கும் ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. ஆக, ஒரு அட்டை நுழையும் சந்து. (அப்பாவின் அட்டையை நுழைத்துப் பார்க்கக் கூடாது. அதற்கு ஃபீலர் கேஜ் என்று தனியாக ஒரு தகடு இருக்கிறது.)

இந்தச் சந்தில்தான் மின்னல் வெட்டுகிறது. உண்மையான மின்னல்தான், அளவில் குட்டி. வானத்தில் மேகத்துக்கும் தரைக்கும் நடுவே நடப்பதுதான் இங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்கிறது. அந்தப் பொறியில்தான் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றி எரிகிறது. எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. வண்டி ஓடுகிறது.

"பொறி தானா தாண்டுமா?"

தாண்டாது. திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே மூவாயிரம், நாலாயிரம் வோல்ட் வேண்டும். எஞ்சினுக்குள் இன்னும் மோசம். பிஸ்டன் மேலே ஏறி, கலவையைப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கிய பிறகுதான் பொறி வரவேண்டும். நசுங்கிய காற்றில் பொறி தாண்டுவது ஏன் கஷ்டம்? காலியான மைதானத்தில் நீங்கள் வேகமாக ஓடிவந்து ஒருவர் மேல் மோதினால் அவர் விழுந்துவிடுவார். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஓட முடியுமா? ஓர் அடி வைப்பதற்குள் யார் மேலாவது இடித்து நின்றுவிடுவீர்கள். எலக்ட்ரானுக்கும் அதே கதிதான். அது ஓடி, வேகம் பிடித்து, ஒரு மூலக்கூறை மோதி, அதிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும். அப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகினால்தான் பொறி. கூட்டம் நெருக்கமாக இருந்தால் ஓட இடமில்லை. அப்போது பின்னாலிருந்து இன்னும் பலமாகத் தள்ளவேண்டும். அந்தத் தள்ளுதான் வோல்ட். எஞ்சினுக்குள் பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் வரை தேவைப்படுவது இதனால்தான். பேட்டரியின் 12 வோல்ட்டை அவ்வளவு பெரிதாக்கித் தருவது இக்னிஷன் காயில்.

கூட்டம் எவ்வளவு நெருக்கம் என்ற விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் ஒரு கி.மீ. அந்த ஒரு கி.மீ.க்கு 6,000 சுற்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று போதும். 10,000 கி.மீ. ஓடி முடிக்கும்போது டூ ஸ்ட்ரோக்கின் பிளக் ஆறு கோடி முறை மின்னியிருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மூன்று கோடி.

அக்கா மகள் விரல் விட்டுக் கோடிக்கு எத்தனை சைபர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, "பாவம் மாமா அது" என்றாள்.

பாவம்தான். ஒவ்வொரு பொறியும் கம்பியின் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உலோகத்தைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஒன்றில் ஒன்றும் தெரியாது. கோடிக்கணக்கில் சேரும்போது கூர்மையான விளிம்பு மழுங்குகிறது, சந்து அகலமாகிறது. சந்து அகன்றால் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். ஒருநாள் காயில் 'என்னால் முடியாது' என்று கைவிரித்துவிடும். அப்போது சில பொறிகள் வராமல் போகும். வண்டி திக்கித் திக்கி ஓடும். "மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே" என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்கிறார்களே, அது பல நேரங்களில் இதுதான்.

கணக்கில் ஒரு சின்னத் திருட்டு நடந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நிறைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில், எஞ்சின் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாச் சுற்றிலும் பொறியை அனுப்பிவிடுகிறார்கள். அமைப்பு எளிதாகிறது, செலவு குறைகிறது. பாதிப் பொறி வேலை செய்யும். மீதிப் பாதி, எரிந்த புகை வெளியே போகும் நேரத்தில் சும்மா வெட்டும். இதற்கு வீண் பொறி என்று பெயர் வைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே நெருக்கம் இல்லை. காலி மைதானம். தாண்டுவது எளிது, தேய்மானமும் குறைவு.

டப்பாவில் கரிக்கட்டையாக இருந்த பிளக்குக்கு வருவோம். அதன் முனையே தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் எண்ணெய்ப் பசையோடு கரி வந்தது.

உங்கள் தாத்தா காலத்தில், ஏன், அப்பா காலத்திலும்கூட, நம் ஊர் ரோடுகளில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் ராஜ்ஜியம்தான். ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட் டூ ஸ்ட்ரோக். 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 டூ ஸ்ட்ரோக். பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை விட்டுக்கொண்டு போகும். அந்தப் புகை எங்கிருந்து வந்தது? அந்த எஞ்சினில் பெட்ரோல் கலவை பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் அறை வழியாகத்தான் மேலே போகும். அதனால் அந்த அறையில் தனியாக ஆயில் ஊற்றித் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு சேர்த்தே ஆயிலை அனுப்புவார்கள். அது பாகங்களுக்கு வழவழப்பைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். ஆயில் முழுசாக எரியாது. மிச்சம் கரியாகப் பிளக்கில் படியும்.

கரி படிந்தால் என்ன, துடைத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். வெள்ளைப் பீங்கான் மேல் கரி படலமாகப் படிந்துவிட்டால், மின்சாரத்துக்குச் சந்தைத் தாண்டிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லை. கரி வழியாக நைசாக இறங்கி உலோக உடம்புக்குப் போய்விடும். வழியில் குழாய் உடைந்திருந்தால் வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டாதே, அது மாதிரி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கோ உரிந்த ஒரு கரித்துணுக்கு சரியாக அந்தச் சந்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு கம்பிக்கும் பாலம் போட்டுவிடும். நன்றாக ஓடிய வண்டி நடுரோட்டில் நின்றுபோகும். அந்தக் கால டூ ஸ்ட்ரோக்காரர்கள் பிளக் ஸ்பேனரும், துணியில் சுற்றிய ஒரு மாற்றுப் பிளக்கும் இல்லாமல் வெளியூர் கிளம்பவே மாட்டார்கள். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெட்ரோலில் நனைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மறுபடி மாட்டிக் கிக்கரை உதைப்பார்கள். அது ஒரு கலை!

ஆக, டூ ஸ்ட்ரோக்கில் பிளக் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, அழுக்கில் மூச்சு முட்டித்தான் சாகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி அறையில் இருக்கிறது. எரியும் இடத்துக்கு வருவதில்லை. நாலு அசைவில் ஒன்றில்தான் நெருப்பு, மற்ற நேரம் புதுக்கலவை உள்ளே வந்து பிளக்கைக் குளிர்விக்கிறது. அங்கே பிளக் அழகாக இளம்பழுப்பு நிறத்தில், பிஸ்கட் நிறத்தில் இருக்கும். பிஸ்கட் டப்பாவில் வைக்கத் தகுதியான பிளக் அது ஒன்றுதான் என்பது என் கட்சி. பொதுவாகப் பைக்கில் 10,000 அல்லது 12,000 கி.மீ. வாக்கில் மாற்றச் சொல்வார்கள். அப்போது அது அழுக்காகியிருக்காது, தேய்ந்திருக்கும். அதே நேரம், ஃபோர் ஸ்ட்ரோக் பிளக் எண்ணெய் நனைந்து வந்தால் மெக்கானிக்கின் முகம் மாறிவிடும். வரக்கூடாத இடத்துக்கு ஆயில் வருகிறது என்று அர்த்தம். பிளக்கை மாற்றிப் பயனில்லை, எஞ்சினைத்தான் பிரிக்கவேண்டும்.

பிளக்குக்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வித்தை ஒன்றும் தெரியும். அடிமுனை சுமார் 450, 500 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிவிட்டால், ஒட்டிய கரி தானே எரிந்துபோகும். டவுனுக்குள்ளேயே பத்து நிமிடம் உருட்டி நிறுத்தும் வண்டியில் இந்தச் சூடு வருவதில்லை. "பைபாஸ்ல ஒரு ரவுண்டு விரட்டிட்டு வாங்க சார்" என்று மெக்கானிக் சொல்வது சும்மா இல்லை. ஆனால் 850 டிகிரியைத் தாண்டிச் சூடானால் ஆபத்து. பொறி வருவதற்கு முன்பே சூடேறிய முனை கலவையைப் பற்றவைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தக்கபடி 'சூடான' பிளக், 'குளிர்ந்த' பிளக் என்று தயாரிக்கிறார்கள். சூடான பிளக்கில் உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளம், சூடு வெளியேற நெடுந்தூரம் போகவேண்டும். குளிர்ந்த பிளக்கில் மூக்கு குட்டை. இதில் ஒரு கூத்து: ஜப்பானின் என்.ஜி.கே. பிளக்கில் எண் பெரிதானால் குளிர்ந்த பிளக். ஜெர்மனியின் பாஷ் பிளக்கில் எண் பெரிதானால் சூடான பிளக். நேர் எதிர்! எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கதை கந்தல்தான்.

"மாமா, பஸ்ல எத்தனை பிளக்?"

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி. டீசல் பஸ்ஸில் ஸ்பார்க் பிளக் ஒன்றுகூடக் கிடையாது. லாரியில் கிடையாது. வயலில் ஓடும் டீசல் ஆயில் எஞ்சினிலும் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை நசுக்கினால் சூடாகும். ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் அதையே பிடித்துக்கொண்டார். காற்றைப் பதினாறில், இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் 500 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும், பொறி எதற்கு? ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-இல் அவருடைய எஞ்சின் சரியாக ஓடிக் காட்டியது. சில டீசல் வண்டிகளில் 'ஹீட்டர் பிளக்' என்று ஒன்று இருக்கும். அது குளிர்ந்த காலை வேளையில் உள்ளே கொஞ்சம் சூடேற்ற மட்டும். அதில் சந்தும் இல்லை, பொறியும் இல்லை. பெயரை வைத்து ஏமாறக் கூடாது.

அப்படியே ஒரே அறையில் இரண்டு பிளக் வைத்த வண்டிகளும் உண்டு. பஜாஜ் பல்சரில் 2003-இல் அப்படி ஓர் எஞ்சின் வந்தது. அப்புறம் பல்சர் 200 என்.எஸ்.ஸில் மூன்று பிளக். "ரெண்டு பேரா வேலையைப் பங்கு போட்டுக்கிட்டா ரெண்டு மடங்கு நாள் உழைக்கும்ல?" என்று இவள் கேட்டாள். நல்ல யோசனை, ஆனால் தப்பு. இரண்டும் மாறி மாறி வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டுமே மின்னுகின்றன. ஒரு மூலையில் மட்டும் தீ வைத்தால் மறு மூலைக்குப் பரவ நேரமாகும், இரண்டு பக்கமும் வைத்தால் சீக்கிரம் எரிந்து முடியும். அதற்காகத்தான் இரண்டு. தேய்மானம் ஒவ்வொன்றுக்கும் அதேதான். மாற்றும்போது காசுதான் இரண்டு மடங்கு!

கேஸ் ஆட்டோவின் பிளக்கைப் பார்த்து நானே ஏமாந்தேன். கரி இல்லை, எண்ணெய் இல்லை, பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. "இதை ஏண்ணே தூக்கிப் போட்டீங்க?" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஃபீலர் கேஜை எடுத்துச் சந்துக்குள் விட்டுக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது. அந்த ஆட்டோவில் எரியும் கேஸ், அதாவது சி.என்.ஜி., பெரும்பாலும் மீத்தேன். சுத்தமாக எரியும், அதனால் கரி இல்லை. ஆனால் அந்தக் கலவையில் பொறி தாண்டப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். அதிக வோல்ட்டில் அடிக்கும் பொறி உலோகத்தையும் அதிகம் தின்னும். பெட்ரோல் துளி ஆவியாகும்போது உண்டாகும் குளிர்ச்சியும் இங்கே இல்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உள்ளுக்குள் இளைத்துப்போன பிளக் அது.

டர்போ கார்களில் இன்னொரு விதமான கஷ்டம். தேர்த் திருவிழாக் கூட்டத்தை மறக்கவில்லையே? டர்போ என்பது காற்றை வெளியிலிருந்தே அழுத்தி உள்ளே திணிக்கும் விசிறி. கூட்டம் இன்னும் நெருக்கம். அதனால் அந்த எஞ்சின்களில் சந்தைக் குறைவாகவே வைக்கிறார்கள், குளிர்ந்த பிளக்காகப் போடுகிறார்கள், சீக்கிரமும் மாற்றச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான வீடு வாங்கல் எஞ்சின் என்பேன். அதில் மேலும் கீழும் போகும் பிஸ்டனே இல்லை. சமோசா மாதிரி வீங்கிய ஒரு முக்கோணம் சுழலும். ஜப்பானின் மஸ்டா கம்பெனி இதை வைத்து கார்கள் செய்தது. சாதாரண எஞ்சினில் நெருப்பு எரியும் அதே அறைக்குள்தான் புதுக்கலவையும் வரும், பிளக்குக்குக் கொஞ்சம் இளைப்பாறல் கிடைக்கும். வாங்கலில் குளிர்ந்த கலவை ஒரு பக்கமாக வந்து, நெருப்பு எப்போதும் வேறு பக்கத்திலேயே எரியும். பிளக்குகள் இருப்பது அந்த நெருப்புப் பக்கத்தில். போதாக்குறைக்கு, முக்கோணத்தின் முனைகள் தேயாமலிருக்கக் கொஞ்சம் ஆயிலையும் உள்ளே விடுவார்கள், அதுவும் எரியும். சூடும் உண்டு, அழுக்கும் உண்டு! 1991-இல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரில் நாலு முக்கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பிளக், மொத்தம் பன்னிரண்டு.

இத்தனை அடி வாங்கும் முனைக்கு எந்த உலோகம் தாங்கும்? சாதாரணப் பிளக்கில் நிக்கல் கலவை. நிக்கல் 1,455 டிகிரியில் உருகும். பிளாட்டினம் 1,768-இல். இரிடியம் 2,446 வரை தாங்கும். லண்டனில் 1803-இல் ஸ்மித்சன் டெனன்ட் என்பவர் கண்டுபிடித்த உலோகம் அது. அதன் உப்புகள் பல நிறங்களில் இருந்ததால் கிரேக்க வானவில் தேவதை ஐரிஸின் பெயரை வைத்தார். பூமியின் மேலோட்டில் இது அபூர்வம். விண்கற்களில் அதைவிட அதிகம். 1980-இல் லூயிஸ் அல்வாரெஸும் அவர் மகன் வால்டரும், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு மெல்லிய களிமண் படிவில் இரிடியம் எக்கச்சக்கமாக இருப்பதைக் காட்டினார்கள். டைனோசர்களை அழித்தது வானிலிருந்து விழுந்த பாறை என்பதற்குக் கிடைத்த முதல் பெரிய துப்பு அது. அந்த உலோகம்தான் இன்று கார் பிளக்கின் நுனியில், ஊசி போல மெல்லிசாக உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய முனையிலிருந்து பொறி எளிதாகக் கிளம்பும், சீக்கிரம் தேயவும் தேயாது. நிக்கல் பிளக் காரில் 30,000, 40,000 கி.மீ. உழைத்தால், இரிடியம் ஒரு லட்சம் வரைகூட ஓடும்.

"அப்போ எல்லா வண்டிக்கும் இரிடியமே போடலாமே?" போடலாம், விலைதான் பல மடங்கு. பழைய டூ ஸ்ட்ரோக்கில் அதைப் போட்டால் கரிக்கு அது இரிடியம் என்று தெரியவா போகிறது? உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்தால் அந்த ஊசிமுனை போயே போய்விடும். ஆனால் சில ஆறு சிலிண்டர் கார்களில் மூன்று பிளக்குகள் எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் ஒளிந்திருக்கும். மேலே இருப்பதையெல்லாம் கழற்றினால்தான் அவற்றைத் தொடமுடியும். அங்கே நீண்டநாள் உழைக்கும் பிளக்கைப் போடுவதுதான் புத்திசாலித்தனம். பைக்கில் பிளக் மாற்ற ஐந்து நிமிடம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், முதல் சில சுற்றுகளைக் கையாலேயே முடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் அலுமினிய மறை அழிந்துவிடும். இதெல்லாம் பெரியவர்கள் செய்யும் வேலை, பல்லாயிரம் வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்லை.

டப்பாவை மூடப்போகும்போது அவள் நாலு பிளக்குகளைத் தனியே எடுத்து வரிசையாக வைத்தாள். ஒரே காரிலிருந்து, ஒரே நாளில் கழற்றியவை. ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். "மாமா, இதுல ரெண்டுல நடுக்கம்பி தேஞ்சிருக்கு. மத்த ரெண்டுல நடுக்கம்பி நல்லா இருக்கு, வளைஞ்ச கம்பிதான் தேஞ்சிருக்கு."

மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மைதான்.

அந்தக் கார் கொஞ்சம் பழசு. இரண்டு பிளக்குகளுக்கு ஒரு காயில். காயிலின் ஒரு முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் முதல் பிளக்கில் நடுக்கம்பியிலிருந்து வளைந்த கம்பிக்குத் தாண்டும். எஞ்சினின் உடம்பு வழியாகப் போய், அடுத்த பிளக்கில் வளைந்த கம்பியிலிருந்து நடுக்கம்பிக்குத் தாண்டி, காயிலின் மறுமுனைக்குத் திரும்பும். ஒன்றில் கீழ்நோக்கிய மின்னல், மற்றதில் மேல்நோக்கிய மின்னல். எலக்ட்ரான்களை அனுப்புகிற முனை எதுவோ, அதன்மேல் எதிர்ப்புறமிருந்து கனமான அயனிகள் வந்து மோதும், அதுதான் அதிகம் தேயும். அதனால் ஜோடியில் ஒன்றுக்கு நடுக்கம்பி போச்சு, மற்றதற்கு வளைந்த கம்பி போச்சு.

"இருபது வருஷமா கழட்டுறேன், இதை நான் கவனிச்சதில்லையே பாப்பா" என்றார் அவர். அந்த நாலையும் ரப்பர் வளையத்தோடு அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். இப்போது அவை அவளுடைய பழைய பென்சில் டப்பாவில் இருக்கின்றன. அக்காதான், எண்ணெய்ப் பிசுக்கு நோட்டில் ஒட்டுகிறது என்று திட்டிக்கொண்டிருக்கிறாள்.